ஆறரை மணி ஸ்பெஷல் கிளாஸ்

ஜூலை 8, செவ்வாய்
மகள் இன்று பல் துலக்கிக்கொண்டே தூங்கிவிட்டாள். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி வீணாகுது பாரு!" என்று கத்தினேன். பதினைந்து வயதுப் பெண் நின்றபடி தூங்குகிறாள், எனக்குத் தண்ணீர்தான் கண்ணில் பட்டது.

ஜூலை 11, வெள்ளி
அவளுக்கு ஓயாத தலைவலி. டாக்டர் மாத்திரை தருவார் என்று பார்த்தால், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டார். பதினொன்றரை. எழுவது? ஐந்து.
"இந்த வயசுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் வேணும் சார். காலையில அப்படி என்ன அவசரம்?"
ஆறரைக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். எந்தப் புண்ணியவான் அந்த நேரத்துக்கு வைத்தான் என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான். மகள் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலை 12, சனி
அவள் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். பத்து மணிக்கே விளக்கை அணைத்தேன். மனைவி கேட்டாள்: "தூக்கத்துக்கும் டைம்டேபிள் போட்டாச்சா?"

ஜூலை 14, திங்கள்
தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வரை புரண்டாளாம்.

ஜூலை 16, புதன்
வகுப்பை எட்டு மணிக்குத் தள்ளலாமா என்று ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன். போன வருடக் கடிதத்தை எடுத்து நீட்டினார். 'விடியற்காலையில்தான் கணக்கு மண்டையில் ஏறும்.' கீழே என் கையெழுத்து.
"நீங்க சொல்லித்தானே வச்சோம்? இப்ப உங்க பொண்ணுக்குன்னதும் மாத்தணுமா சார்?"
போன வருடம் தூங்கி விழுந்தவர்கள் அடுத்தவர் பிள்ளைகள். மூஞ்சியைக் கழுவிட்டு வா என்று துரத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்
நடப்பது நடக்கட்டும் என்று வகுப்பில் விளக்கை அணைத்தேன். "எல்லாரும் பெஞ்சு மேல தலைய வைங்க. ஏழரைக்கு எழுப்புறேன்." முதலில் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். யாராவது வருகிறார்களா என்று வாசலில் காவல் நின்றேன்.
மூன்றாவது பெஞ்சில் ஒரு தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. என் மகள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நோட்டைச் சாய்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.
"நீயும் தூங்கும்மா."
"போர்ஷன் முடியாதே சார்."
வகுப்பில் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.