தாளாளர் வீட்டுப் பந்தல்

12 மே 1946, ஞாயிறு. மயிலாப்பூர்.

பள்ளித் தாளாளர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் விளக்குக் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். பரிமாற மற்ற வாத்தியார்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"நான் பிசிக்ஸ் வாத்தியார், பந்தல்காரன் இல்லை" என்றேன்.

"அப்போ ஜூன்ல நீர் வரவேண்டாம் ஓய்" என்றார் தாளாளர்.

வீட்டில் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் வேலை உத்தரவு நான்கு நாளாக என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. செக்ரடேரியட் குமாஸ்தாவான அண்ணா சிரித்தான். "பென்ஷன் உண்டுடா. ஆனா பத்திரிகைக்கு எழுதக்கூட அனுமதி கேக்கணும். எதிர்த்துப் பேசினா அத்தனை தூரம் பெல்லாரிக்கு மாத்திடுவான். உன் வாய்க்கு ஆகுமா?"

ஆகாதுதான். ரேடியோவைப் பற்றிப் பாதி எழுதிய கட்டுரைக்கு அனுமதி கேட்பேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்பேன். பெல்லாரி என்றால் பெல்லாரி. அங்கே எவன் வீட்டுப் பந்தலுக்கும் நான் ஏணி ஏற வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மை காயட்டும்.