நெடுந்தீவுப் பறப்புக்குத் தலைமை விமானி யார் என்பது பற்றி

அனுப்புபவர்:
இராயப்பு நிலாந்தி,
வர்த்தக விமானி,
கடற்கரை வீதி, சுருவில்,
ஊர்காவற்றுறை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
விமானிகள் உரிமப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: 2018 ஆடி மாதம் நெடுந்தீவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிவந்த பறப்பின் தலைமை விமானியாக என் பெயரைப் பதியுமாறும், நீக்கப்பட்ட எனது தலைமைப் பறப்பு மணித்தியாலங்களை மீளச் சேர்க்குமாறும் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் சுருவிலைப் பிறப்பிடமாகக் கொண்டவள். தந்தையார் கடற்றொழிலாளி. போரினால் நாங்கள் எங்கள் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பின்னாளில் விமானியாகப் பயிலப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "எங்கட தலைக்கு மேல அது சுத்தினது காணாதே, இப்ப நீயும் ஏறப்போறியே?" என்று தாயார் கேட்டார். ஆனாலும் பயிலப் போனேன்.

2. 2016ஆம் ஆண்டு 'வெண்நாரை வான்சேவை' என்ற தனியார் நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்து, மண்கும்பான் கடலிலும் நெடுந்தீவுத் துறையிலும் இறக்குவதற்கு, நீரில் இறங்கும் சிறிய விமானம் ஒன்றை அந்நிறுவனம் வைத்திருந்தது. அந்த விமானம் இப்போது விற்கப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் பறப்புகளும் கொரோனாக் காலத்தோடு நின்றுபோயின. ஆயினும் அந்த இரண்டு வருடங்களைப் போன்ற காலம் என் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை என்பதைத் தயவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நயினாதீவுக்கு மேலாகத் திரும்பும்போது அம்மன் கோபுரமும் விகாரையின் வெள்ளைத் தூபியும் ஒரே பார்வைக்குள் வரும். மண்கும்பானில் பயணிகளுக்காகக் காத்திருக்கும் வேளைகளில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விமானத்தின் மிதவையில் அமர்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டபடி தேநீர் குடிப்போம். தந்தையார் வள்ளத்தில் இருந்துகொண்டே எஞ்சின் சத்தத்தை மட்டுப்பிடித்து, "என்ர பிள்ளை போறாள்" என்பாராம். நான் இறக்கையை ஆட்டிக் காட்டியதாகவும் ஊரில் சொல்லித் திரிந்தார். விதிக்கு மாறானது என்பதால் நான் ஒருநாளும் அப்படி ஆட்டியதில்லை. அவரைத் திருத்தவும் இல்லை.

3. எனக்கு மேலிருந்த தலைமை விமானி திரு. ஜோர்ஜ் அவர்கள் கரம்பொனைச் சேர்ந்தவர். வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் பெரிய விமானங்களை ஓட்டிவிட்டு, ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கையில் இந்தச் சிறிய விமானத்துக்கு வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க மணித்தியாலம் கூட, இறக்கம் குறைவு. ஒரு முழு இரவு பறந்தாலும் ஒருக்காத்தான் இறக்கலாம். எனக்கு இறக்கிறதுதான் விருப்பம்" என்றார். ஓயாமல் பகிடி விடுவார். வானொலியில் மட்டும் அளந்துதான் பேசுவார்.

4. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அவரது மேற்பார்வையில் நான் தலைமை விமானியாகப் பறக்க அனுமதிக்கப்பட்டேன். அதாவது, இடது ஆசனமும் முடிவும் என்னுடையவை. வலது ஆசனத்தில் இருந்து அவர் பார்த்துக்கொள்வார். அவ்வாறு பறந்த நேரம் எனது தலைமை மணித்தியாலங்களாகக் கணக்கில் சேரும் என்பது தாங்கள் அறிந்ததே.

5. அவ்வருடம் ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கடுமையாக இருந்த ஒரு நாளில், பயணிகளை நெடுந்தீவில் இறக்கிவிட்டுத் துறையில் காத்திருந்தோம். அக்கரைக் குறிகட்டுவான் துறைக்கான படகுச்சேவை காலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது, உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டு, மீனாம்பிகை என்ற கர்ப்பிணித் தாயை அவரது கணவரும் ஞானசவுந்தரி என்ற தாதியும் துறைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. எந்தப் படகும் அந்தக் கடலில் போக ஏலாது என்று துறையில் நின்றவர்கள் சொன்னார்கள். தாதி என்னிடம் வந்து, "பிள்ளை, இஞ்ச வைச்சிருந்தா ரெண்டு உயிரும் தங்காது" என்றார்.

6. நான் வானொலியில் நிறுவனத்தைத் தொடர்புகொண்டேன். நோயாளரை ஏற்றக் காப்புறுதி இடந்தராது, மறு அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் என்று பதில் வந்தது. திரு. ஜோர்ஜ் அவர்களைப் பார்த்தேன். "தலைமை நீர். நான் கை வைக்கமாட்டன்" என்றார். தீவின் மறைவால் துறைப்பக்கத்துக் கடல் ஓரளவு அடங்கியிருந்தது. அங்கிருந்து எழும்பலாம் என்று கணித்தேன். இறங்கவேண்டிய யாழ்ப்பாண நகரையொட்டிய பண்ணைக் கடல்நீரேரியில் அலை குறைவு என்பதும் தெரியும். அந்தத் தாயை ஏற்றுமாறு நானே சொன்னேன். ஐயா, இந்த மனுவின் பாரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில்தான் இருக்கிறது.

7. பறக்கும்போது பின்னாலிருந்து தாதி என் தோளைத் தட்டி, "நயினாதீவு வந்திட்டுதோ எண்டு கேக்கிறா" என்றார். அந்தத் தாய்க்கு அங்குள்ள கோயிலில் நேர்த்திக்கடன் ஏதோ இருந்திருக்கிறது. "ஓம், கோயிலுக்கு மேலதான் போறம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். உண்மையில் அப்போது நாங்கள் கோயிலுக்குச் சற்றுத் தெற்கே இருந்தோம். பண்ணையில் அம்புலன்ஸ் வண்டி காத்து நின்றது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். குழந்தை பெண். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நெடுந்தீவில் விடப்பட்ட பயணிகள் இளநீர் குடித்துக்கொண்டு நிழலில் இருந்தார்கள். திரும்பி வந்து அவர்களையும் ஏற்றிச்சென்றோம்.

8. அனுமதியின்றிப் பறந்ததாக நிறுவனம் விசாரணை தொடங்கியது. உரிமம் எடுத்துச் சில வருடங்களே ஆன எனக்கு அது பறிபோகும் நிலை இருந்தது. என்னை விசாரணைக்கு அழைப்பதற்கு முன்னரே திரு. ஜோர்ஜ் அவர்கள், எனக்குத் தெரியாமல், அன்றைய முடிவு தம்முடையது என்றும், அவ்வேளை தலைமையைத் தாமே கையேற்றதாகவும் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அவருக்குக் கண்டனம் வழங்கப்பட்டது. அத்தோடு, ஆபத்து வேளையில் தலைமை மாற்றப்பட்டதால் நான் தலைமைக்குத் தகுதியடையவில்லை என்று நிறுவனம் முடிவுசெய்து, அக்காலப்பகுதியில் நான் பறந்த ஏறக்குறைய முந்நூறு தலைமை மணித்தியாலங்களையும் துணை விமானியின் நேரமாக மாற்றிப் பதிந்தது.

9. செய்தி அறிந்து கரம்பொனுக்குப் போனேன். அவர் முற்றத்தில் வலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "உம்மட லைசன் போகக்கூடாதெண்டு எழுதினனான். இப்பிடித் திருப்புவாங்களெண்டு நினைக்கேல்லை" என்றார். வாக்குமூலத்தைத் திருத்தித் தருவதாகவும் சொன்னார். அப்படித் திருத்தினால் பொய் எழுதியவர் என்ற பெயரோடு அவர் ஓய்வு பெறவேண்டி வரும். வேண்டாம் என்றேன். அதன்பின் மாலைதீவுக்குச் சென்று, இன்றுவரை துணை விமானியாகவே பணியாற்றி வருகிறேன்; இப்போது விடுமுறையில் ஊர் வந்து இதை எழுதுகிறேன்.

10. இப்போது என் முன் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, வளைகுடா நிறுவனமொன்றில் பெரிய விமானத்தின் துணை விமானிப் பதவி. எந்த விமானியும் ஆசைப்படும் வேலை. எனக்கும் ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு வருடத்தில் சேரும் பறப்பு நேரம் வேறெங்கும் சேராது. மற்றது, தீவுப்பகுதி நோயாளரை ஏற்றுவதற்காகத் தொடங்கப்படவிருக்கும் அவசர வான்சேவை. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது ஒரு தேநீர் ஆறும் நேரம்தான். அப்படி எத்தனை வருடம் பறந்தாலும் பெரிய கணக்கு ஒன்றும் சேராது. மேலே போகும் வழியும் அதில் இல்லை. இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தேன், ஐயா. பல நாட்கள் பார்த்தேன். எனக்கு அந்தச் சிறிய விமானமே வேண்டும்.

11. ஆனால் அந்தச் சேவை, நீரில் இறங்கும் விமானத்தில் தலைமை விமானியாகப் பறந்த நேரத்தைக் கேட்கிறது. எனக்கிருந்த அவ்வகை நேரம் முழுவதும் நீக்கப்பட்ட அந்த மணித்தியாலங்களே. நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்கு இருமுறை எழுதினேன். முடிந்த விடயம் என்று பதில் வந்தது. வளைகுடா நிறுவனம் இம்மாத இறுதிவரை எனக்கு அவகாசம் தந்துள்ளது.

12. ஆகவே, தாங்கள் இவ்விடயத்தை விசாரித்து, அன்றைய பறப்பின் தலைமை விமானியாக என் பெயரைப் பதியவும், நீக்கப்பட்ட நேரத்தை மீளச் சேர்க்கவும், திரு. ஜோர்ஜ் அவர்களின் பணிக் கோவையில் பதியப்பட்டுள்ள கண்டனத்தை அகற்றவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த முடிவுக்குக் கண்டனம் உரியதாயின் அது எனக்கே உரியது. அதை ஏற்க ஆயத்தமாக உள்ளேன். தாதி ஞானசவுந்தரியும் திருமதி மீனாம்பிகையும் சாட்சி சொல்ல இசைந்துள்ளார்கள்.

13. இந்த மனுவைப் பற்றித் திரு. ஜோர்ஜ் அவர்களுக்கு நான் எதுவும் கூறவில்லை. அவரது உரிமம் காலாவதியாகிவிட்டது. முழங்கால் வருத்தமும் உண்டு. அவரைக் கொழும்புக்கு அழைக்காமல், ஊர்காவற்றுறையிலேயே வைத்து விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று ஏற்றச் சொன்னவர் யார் என்று தாங்கள் கேட்டால், இப்போதும் அவர் தயங்காமல், தாம்தான் என்று சொல்வார். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நீதியை நாடி நிற்கும்,

(ஒப்பம்)
இராயப்பு நிலாந்தி

இடம்: சுருவில்
திகதி: 2025 பெப்ரவரி 11