ஐந்தாவது கிண்ணம்

ஓகஸ்ட் 20, புதன்

காலையிலிருந்து தூறல். ஏரி இருந்த இடத்தில் சாம்பல் நிறம். பல்கனியில் போட்ட என் சட்டை இரண்டாம் முறை நனைந்துவிட்டது. சனிக்கிழமைக்கு அதுதான் வேண்டும்.

சனிக்கிழமை மலரின் வேலையிடத்துக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு. நாங்கள் இருக்கும் நொஷாட்டலிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். வேலையிடம் என்று நாங்கள்தான் சொல்கிறோம். அவர்களுடைய கைத்தாளில் 'மண்ணும் மேசையும் கலையும் சந்திக்கும் இடம்'. இரசாயனம் தெளிக்காத திராட்சைத் தோட்டம், நடுவில் சாப்பாட்டு மண்டபம், பழைய வைக்கோல் கொட்டிலில் ஓவியக் கண்காட்சி. மூன்றும் சந்தித்தால் பாத்திரம் சேரும். மே மாதத்திலிருந்து அதைக் கழுவுவது என் மனைவி. ஒக்ரோபரோடு ஒப்பந்தம் முடிகிறது.

அழைப்புக்குக் காரணம் அவளுடைய மூக்கு. வைனை அவள் வாயில் வைத்ததே இல்லை. போன மாதம் குழம்புக்கு ஊற்ற எடுத்த போத்தலைக் கையால் மறித்திருக்கிறாள். பிரெஞ்சு வராது, ஆகவே மூக்கைப் பொத்திக் காட்டினாளாம். சமையற்காரர் சிரித்தார். நிலவறைப் பொறுப்பாளர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தக்கை பழுது என்றார். பிறகு இன்னும் இரண்டு போத்தல், இரண்டிலும் அவள் சொன்னதே சரி. இப்போது அந்த நிலவறைக் கிழவர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். உரிமையாளர் மதாம் ஒடீல், மலருக்கு ஐந்து கிண்ணம் வைத்துப் பார்க்கப் போகிறார். குடிக்க வேண்டாம், முகர்ந்து சொன்னால் போதும். சரிவந்தால் நவம்பரிலிருந்து நிலவறையில் நிரந்தர வேலை.

மலருக்கு லுசேர்ணில் ஹோட்டல் சமையலறையில் பதினெட்டு வருடம், இந்தப் பக்கம் நாலு. இருபத்திரண்டு வருடமும் கையைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். மலர் நீலச் சுடிதாரை இன்றே மினுக்கித் தொங்கவிட்டிருக்கிறாள்.

மொழிபெயர்ப்பு நான். மலருக்கு லுசேர்ணில் பழகிய ஜேர்மன் உண்டு. மதாமுக்குப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் ஜேர்மன் படிப்பித்தார்களாம், அதனால் வராது. எனக்கு இது தொழில்: ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம். விதி மூன்று: கூட்டாதே, குறைக்காதே, அழகுபடுத்தாதே.

மலர் சொன்ன இன்னொரு செய்தி: மதாம் அடுப்படியில் நின்று கடிதம் வாசிக்க, பக்கத்திலேயே பால் கருகிப் புகைந்ததாம். திரும்பியும் பார்க்கவில்லையாம். பெரிய யோசனைக்காரர் போலும்.

ஓகஸ்ட் 21, வியாழன்

நூலகத்தில் வைன் பற்றிய தடித்த புத்தகம் எடுத்தேன். மாலை முழுவதும் குறிப்பு.

பிரெஞ்சுக்காரர் சொல்வது: மூடியிருக்கிறது. வெட்கப்படுகிறது. பொறுமை கேட்கிறது. இன்னும் தன்னைத் தேடுகிறது. நானூறு பக்கத்தில் கெட்ட வைன் ஒன்றைக்கூடச் சந்திக்கவில்லை. பெற்றோருக்கு ஆசிரியர் எழுதும் குறிப்புகளின் நடை.

பயற்றங்காய் முறித்தபடி மலர் சொன்னது: காறல் (பழைய தேங்காயெண்ணெய்). ஊசல் (நேற்றைய கறி). வெடுக்கு (மீன் வெட்டிய கை). சிக்கு (தலையணை உறை, என்னுடையது என்று பெயர் சொல்லி). பூஞ்சணம் (மாரிக்காலத்துச் சாக்கு). புளிப்பு மூன்று வகையாம். விளக்கம் தரவில்லை.

சிக்குக்குப் பிரெஞ்சு தேடி அரை மணி நேரம் போனது. கிடைக்கவில்லை.

புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் அவளுக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்கடை புத்தகத்திலை நாறுது எண்டதுக்கு ஒரு சொல்லும் இல்லையோ?" என்றாள்.

இல்லை. நான் தேடிவிட்டேன்.

ஓகஸ்ட் 23, சனி

வெயில். மு.ப. 10.10 பஸ். மூக்கு குழம்பும் என்று மலர் காலையில் கிறீம் பூசவில்லை, ஊதுபத்தி கொளுத்தவில்லை, கோப்பி குடிக்கவில்லை. எனக்கு ஆஃப்டர் ஷேவ் தடை.

வாசலில் விளக்கப் பலகை. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து மாரி முழுவதும் புதைத்து வைத்து, வசந்தத்தில் எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பார்களாம். ஊரில் எங்கள் தோட்டங்களில் கொம்பு இல்லாமலே சாணம் போட்டோம். இயற்கை விவசாயச் சான்றிதழ் கிடைக்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும். திராட்சை வரிசைகளுக்கு நடுவே இரும்புச் சிற்பங்கள். சிற்பங்களில் 'தொடாதீர்கள்' என்று பலகை, திராட்சையில் இல்லை. வந்தவர்கள் திராட்சையைத் தொட்டார்கள். சிற்பத்தைத் தொட யாரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

மதாம் ஒடீலுக்கு அறுபது இருக்கும். வெட்டிய நரைமுடி, சப்பாத்தில் மண், மெல்லிய குரல். மலரை முன்னே விட்டு நிலவறைப் படியில் இறங்கினார். குளிர். கல் மேசையில் ஐந்து கிண்ணம், நிறம் தெரியாதபடி எல்லாம் கறுப்புக் கண்ணாடி.

ஒன்று: தேசிக்காய் இலை, நல்லது. இரண்டு: புது வைக்கோல். மூன்று: இப்பதான் அணைத்த நெருப்புக்குச்சி. ஒவ்வொன்றையும் அப்படியே சொன்னேன். மதாம் எழுதிக்கொண்டார். நாலாவதை இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லை, சும்மா கிடக்கிறது என்றாள் மலர். அதையும் சொன்னேன். மதாம் முதன்முறையாகச் சிரித்தார். நாலாவது தண்ணீர்.

பிறகு என் பக்கம் திரும்பி, இதை உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டாம், என்றார். ஐந்தாவது, கணவர் இறந்தபின் அவர் தனியே செய்த முதல் சிவப்பு வைனாம். வியாழக்கிழமை போத்தலில் அடைக்கப் போகிறார்களாம். லேபலை அங்கே தங்கியிருக்கும் ஓவியர் செய்கிறாராம்.

மலர் ஐந்தாவதைக் கிட்டக் கொண்டுபோனாள். உடனே தலையைப் பின்னுக்கு எடுத்தாள்.

"நனைஞ்ச சாக்கை மடிச்சு வைச்ச மணம். பூஞ்சணம். இதை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது எண்டு சொல்லுங்கோ."

மதாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனை தாளில் தயாராக இருந்தது.

நான் சொன்னது: "மழைக்குப் பின் காட்டின் மணம் என்கிறாள்."

புத்தகம், பக்கம் 212. சிவப்பு வைனுக்கு அதற்கு மேலே ஒரு புகழ்ச்சி இல்லை.

மதாம் மலரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. படி ஏறும்போது மலர் என் காதில், "நல்ல மனிசி. குறை சொன்னாலும் கையைப் பிடிக்கிறா," என்றாள்.

சாப்பாடு: கரட் மூன்று விதம், மூன்றும் கரட். ஆட்டுப்பால் சீஸ். யார் வளர்த்த கரட், யார் கறந்த பால் என்று தாளில் பெயர்கள் இருந்தன. சமைத்தவர் பெயர் இல்லை. மேசைக்கு வந்தது வேறு வைன். குடித்தவர்கள் நல்லது என்றார்கள்.

கண்காட்சி: லேபல் செய்யும் ஓவியர் உர்ஸ், உயரமான மனிதர், லுசேர்ண்காரர். திராட்சைச் சக்கையால் கறைபட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகள் பன்னிரண்டு. தலைப்பு 'மண்ணின் மௌனம்'. மலர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தாள். வினாகிரியில் ஊற வைத்தால் போகும் என்றாள், எனக்கு மட்டும். உர்ஸுடன் ஜேர்மனில் லுசேர்ண் பஸ் தரிப்புகளைப் பற்றிக் கதைத்தாள். நல்ல மனிதர். கேட்டுக்கொண்டிருந்தார்.

மலர் தன் சினேகிதியைப் பார்க்கச் சமையலறைப் பக்கம் போன நேரம், உர்ஸ் என்னிடம் ஒரு நாப்கினும் பேனையும் தந்தார். மதாம் அந்தக் காட்டு வசனத்தைச் சொன்னாராம், அதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதினேன். எழுத்து வடிவாகவே வந்தது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. தலையணை உறை தோய்த்தேன்.

மலர் தோசைக்கு அரைத்தபடி, "நான் சொன்னதை அப்பிடியே சொன்னனீங்கள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம்."

கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தரம் ஓம் என்றேன். இரண்டு பொய்யாகக் கணக்கு வைக்க வேண்டுமா, ஒன்றா?

நினைத்துப் பார்க்கிறேன். பயம்தான். ஒரு விதவை பிள்ளைபோல் வளர்த்த வைனைப் பூஞ்சணம் என்று சொன்னவளுக்கு யார் நிலவறைச் சாவி தருவார்கள்? பேனையைப் பிடித்திருந்த அந்தக் கையும் காரணம். எதையும் முகர்ந்து பார்க்காமல் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் மதாம். அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

காலை ஆஸ்பத்திரி. மன்னாரைச் சேர்ந்த பெரியவர், எழுபத்தொன்பது, கையில் செபமாலை. மகள் நடைபாதையில் என்னை மறித்து, டாக்டர் சொல்வதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கோ அண்ணை என்றாள். விதியைச் சொல்லி மறுத்தேன். உள்ளே போய், டாக்டர் சொன்ன சொல்லை அந்தச் சொல்லாகவே சொன்னேன். பெரியவர் செபமாலையை மடியில் வைத்துவிட்டு, அடுத்தது என்ன செய்ய வேணும் என்று கேட்டார். எதிர்பார்த்ததைவிட நேரான குரல்.

வாய் ஒன்றுதான். சனிக்கிழமை அது வேறு யாருடைய வாயாக இருந்தது?

பி.ப. 5. மலர் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். லேபலின் மாதிரி. கறைபட்ட விரிப்பின் படம், அதன் மேல் என் எழுத்தில், நாப்கினில் வந்ததைவிட வடிவாக: மழைக்குப் பின் காடு. கீழே பிரெஞ்சில், 'மூக்கு: மலர்'. சமையலறையில் எல்லோருக்கும் உர்ஸ் காட்டினாராம். அந்த இடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருத்திதான். அதை நானும் யோசிக்கவில்லை, உர்ஸும் யோசிக்கவில்லை.

"இது ஆரின்ரை எழுத்து?"

"என்ரை."

"ஆர் சொன்னது?"

"நீர் சொன்னதைத்தான் கொஞ்சம்..."

"நான் சாக்கு எண்டெல்லோ சொன்னனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கணவர், முதல் வைன், சொல்ல வேண்டாம் என்று மதாம் சொன்னது, பக்கம் 212. வேலை போய்விடும் என்று பயந்ததைக் கடைசியில் சொன்னேன். அவள் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டாள்.

"இருபத்திரண்டு வருசத்திலை ஆரும் என்னட்டை, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டவையோ? கேட்ட அண்டைக்கு நீங்கள் பதில் சொல்லிப்போட்டியள்."

நான் மதாமுக்கு ரெலிபோன் எடுக்கிறேன் என்றேன். வேண்டாமாம். நான் எடுத்தால் அதிலும் ஒரு காடு வருமாம்.

தேத்தண்ணீர் போட்டாள், ஒரு கோப்பை. பாதி குடித்த பிறகு:

"பூஞ்சணத்துக்குப் பிரெஞ்சிலை என்ன?"

"முவாசி."

மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். உதடு குவியும் இடத்தைத் திருத்தினேன். நாலாம் தரம் சரி.

"இதிலை கூட்டிக் குறைச்சு ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லை என்றேன். அகராதியை எடுத்து வந்து தானே பார்த்தாள்.

ஓகஸ்ட் 27, புதன்

அவளுக்கு இன்று வேலை இல்லாத நாள். முதல் பஸ்ஸில் போய்விட்டாள். ஊதுபத்தி இல்லை, கிறீம் இல்லை. நான் சமையலறையைத் துடைத்தேன். பிறகு துடைத்த இடத்தையே துடைத்தேன். ரெலிபோன் இரண்டு தரம் அடித்தது. இரண்டும் குடிவரவு அலுவலகம்.

மலர் வந்தது நாலு மணிக்கு. சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்.

நிலவறையில் மதாம் அந்த ஐந்தாவது வைனின் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். மலர் அதைத் தொட்டு, முவாசி என்றாளாம், ஒரே ஒரு சொல். மதாமுக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம். விளங்கியது. லேபலைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாளாம். பிறகு உர்ஸைக் கூப்பிட்டார்கள். மிச்சம் ஜேர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து கிண்ணத்தில் மூக்கை வைத்தார். முகம் சுருங்கியது. அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அதே வைனின் மற்ற மூன்று பீப்பாவிலும் குறை இல்லை. நாளைக்குப் போத்தல் அடைக்கும் வேலை நிறுத்தம்.

தோட்டக்காரர் போன பிறகு மதாம் படியில் குந்திவிட்டாராம். போன மாரியில் காய்ச்சல் வந்ததிலிருந்து தனக்கு மணமே தெரிவதில்லை என்றார். நிலவறைக் கிழவருக்கும் சொல்லவில்லை. வைன் செய்கிறவள் இதை யாரிடம் சொல்வாள் என்று கேட்டாராம்.

"நீர் என்ன சொன்னீர்?"

"பால் கருகேக்கையே தெரியும் எண்டு சொன்னன்."

ஆக, ஒரு மனிசி மணம் தெரியாமல் ஒரு மூக்கைத் தேடிப் பிடித்து, ஐந்து கிண்ணம் வைத்துக் கேட்டிருக்கிறார். நான் அவருக்குப் பக்கம் 212 வாசித்திருக்கிறேன்.

என்னைப் பற்றி மதாம் கேட்டாரா? கேட்டாராம். மலர் ஏதோ பதில் சொன்னாளாம். அதை உர்ஸ் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். தொழில்முறை ஆள் இல்லை அவர்.

அச்சடித்த லேபல்களை எறிய வேண்டாம் என்கிறாராம் உர்ஸ். சட்டம் போட்டுக் கொட்டிலில் தொங்கவிடப் போகிறார், பதின்மூன்றாவது விரிப்பாக. என் எழுத்து முதன்முறையாகக் கண்காட்சியில். 'மூக்கு: மலர்' என்ற வரியை வெட்டச் சொல்லிவிட்டாள் மலர்.

நவம்பரைப் பற்றி மதாம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மற்ற வைன்களின் பீப்பாக்களை முகர வர முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். மலர் நீலச் சுடிதாரைத் தோய்த்துப் போட்டிருக்கிறாள். வானம் மூடிக்கிடக்கிறது. இந்த இடத்தில் அந்தப் புத்தகச் சொல் சரி.

மொழிபெயர்ப்பு உர்ஸ். எனக்கும் அழைப்பு உண்டு, சாப்பாட்டுக்கு. ஆஃப்டர் ஷேவ் போடலாமாம்.