ஆரோக்கியமான ஆள்

குரோம்பேட்டை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கல்லீரல் கொழுப்பு பற்றி ஆய்வு நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா? நோயாளிகளோடு ஒப்பிட, நோய் இல்லாதவர்களையும் ஸ்கேன் செய்வோம். நேற்று அப்படி வரவேண்டிய ஒருவர் வரவில்லை. ஸ்கேன் எடுக்கும் பென்னி, "நீங்களே படுங்க சார், அஞ்சு நிமிஷம்தான்" என்றான். படுத்தேன். திரையைப் பார்த்துவிட்டு, "சார், உங்கள நோயாளிங்க பக்கம்தான் சேக்கணும்" என்றான்.

நான் தினமும் பத்தியம் சொல்லும் கங்கையம்மாள் வாசலில் காத்திருந்தார். அவருக்குக் கேட்டுவிட்டது. "என்ன மட்டும் பரோட்டா துன்னாதேன்னு சொல்லிகினு, நீ ராத்திரில இன்னா துன்றே தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பயப்படாதீர்கள், ஆரம்ப நிலைதான். ஓட்டல் சாப்பாட்டை விட்டால் சரியாகிவிடும். பக்கத்து வீட்டு செல்வின் வரும்போது பரண்மேல் இருக்கும் சின்னக் குக்கரைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்றும் எழுதுங்கள். போன வாரம் நம் வீட்டு அளவிலேயே வைத்துவிட்டேன். நாலு பேருக்கு இருந்தது. கூப்பிட இங்கே ஆள் இல்லை.

அடுத்த நோயாளி வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகன்
இசக்கிராஜ்