ஓடி வந்த அண்ணனுக்கு

அண்ணே,

நேற்று என் மகன் என்னைக் காரில் செம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினான். ஏசி வீணாகிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அந்த வாசம் உள்ளே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னம்மா, தலை சுத்துதா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நீ போய் நாலு மாசம்கூட ஆகவில்லை. உன் வாசத்தை ஊரெல்லாம் காசுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள், நான் என்ன செய்வேன்?

அந்த வாசத்துக்காக உன்னை எத்தனை ஏசியிருக்கிறேன். சயான் ரோட்டுப் பெட்ரோல் பம்பில் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாய். "அங்கேயே நில்லு, அடுப்பு எரியுது" என்று உள்ளேயிருந்து கத்துவேன். காக்கிச் சட்டையை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, "நான் என்ன தீப்பெட்டியாட்டீ?" என்று சிரித்தபடி குழாயடிக்குப் போவாய். தாராவியில் நம் சந்து முழுக்க அந்தச் சிரிப்பு கேட்கும்.

சந்துக்கே அந்தப் பம்புதான் ஆதரவு. சைக்கிளுக்குக் காற்றடிக்க அங்கேதான். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் ஒரு குடம் பிடிக்கவும் அங்கேதான். எல்லாவற்றையும்விட அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்த கறுப்பு டெலிபோன். பம்பு முதலாளி சேட் முணுமுணுப்பாரே தவிர, வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நம் ஆண்கள் எல்லோரும் வேலை பார்த்த இடத்தில் அந்த நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். போனை எடுப்பது யாராக இருந்தாலும், சேதி சொல்ல ரோட்டைத் தாண்டி வருவது நீதான்.

நல்ல சேதி என்றால் ஓடி வருவாய், தூரத்திலிருந்தே பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு. கெட்ட சேதி என்றால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவாய். நீ நடந்து வந்தால் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நீ தாண்டிப் போன வீட்டுக்காரிக்கு மூச்சு வரும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "கெட்டதக் கொண்டுக்கிட்டு எப்படிட்டீ ஓடுவேன்? கேக்கப் போறவ இன்னும் கொஞ்ச நேரம் நல்லா இருக்கட்டுமேன்னு தோணுது" என்றாய்.

ஒருமுறை பம்பில் ஆயில் வழுக்கிக் கால் சுளுக்கி, நொண்டிக்கொண்டே நடந்து வந்தாய். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்கா உன்னைப் பார்த்ததும் அழவே ஆரம்பித்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு, "சுளுக்குன்னா சுளுக்குன்னு கத்திக்கிட்டே வர வேண்டியதுதானலே! எனக்கு உசுரே போயிட்டு" என்று உன்னைக் கிழித்து எடுத்தாள். கால் சரியாகும்வரை நீ "சுளுக்கு, சுளுக்கு" என்று கூவிக்கொண்டே சந்துக்குள் வந்தாய். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும்.

என் வீட்டுக்காரருக்கு அம்பர்நாத்தில் ஆலை வேலை. ரயிலில் போய் வந்தே மனிதர் பாதியாகிவிட்டார். ஆலையில் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரே அறைதான், ஆனால் தனிக் குழாய். சாவி கைக்கு வந்ததும் பம்புக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சாவி வரட்டும், இரண்டையும் சேர்த்துக் கொண்டாடலாம் என்று வாயை அடக்கி வைத்திருந்தேன். பாக்கியத்தக்காவுக்கு மட்டும் தெரியும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் நீ ஓடி வந்தாய். பாக்கியத்தக்காதான் முதலில் பார்த்தாள். "ஏட்டீ, ஒங்க அண்ணன் ஓடி வாராம்ட்டீ! சாவி வந்துட்டு!" என்று கத்தினாள். உள்ளே போய் ஒரு பிடி சீனியை அள்ளி வந்து என் வாயில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் சிரிப்பைப் பார்த்ததும் நீ நின்றுவிட்டாய்.

"சாவி இல்லட்டீ" என்றாய். "ஆலையில பாய்லர் வெடிச்சிட்டாம். மாப்பிள்ளைக்கு அடி. கல்யாண் ஆஸ்பத்திரில வச்சிருக்காவ. டாக்சிய நிறுத்தி வச்சிருக்கேன், வா."

வாயில் சீனி கரைந்துகொண்டிருந்தது. துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நீ திரும்பவும் ஓடினாய்.

பம்பில் பெட்ரோல் போட வந்த டாக்சி அது. உள்ளே இருந்த மாதுங்காப் பக்கத்துத் தமிழர் ஒருவர், நீ கேட்டதும் தாமே இறங்கி ஆபீஸ் பையோடு ஓரமாக நின்றிருந்தார். "நேக்கு பஸ் இருக்கும்மா. நீங்க சீக்கிரம் போங்கோ" என்றார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. வழியில் பாண்டுப் தாண்டியதும் நீ ஒரே ஒரு தடவை, "தப்பு பண்ணிட்டேன்" என்றாய்.

நாம் போனபோது அவருக்கு உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. நீ வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உள்ளே நான் அவர் காதருகே குனிந்து, பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொன்னேன். முகமெல்லாம் கட்டு, கண் மட்டும்தான் தெரிந்தது. "எப்போ?" என்றார். சித்திரையில் என்றேன். "எப்படி இம்புட்டு சுருக்க வந்த?" என்று கேட்டார். அண்ணன் ஓடி வந்தான் என்றேன். "அப்போ பயலா இருந்தா அவன் பேரையே வையி" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீ ஓடவே இல்லை. எனக்குப் பிள்ளை பிறந்த சேதி பம்புக்கு வந்தபோதுகூட, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் போனாயாம். "ஆம்பளப் பிள்ள" என்று நீ சொல்லும்வரை பாக்கியத்தக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். வந்து என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

நீ நடந்து வந்திருந்தால், தனக்கு ஒரு பிள்ளை இருப்பது தெரியாமலே அவர் போயிருப்பார். இதை உன்னிடம் எத்தனை முறை சொன்னேன். "சிரிச்சுக்கிட்டு நின்னியேட்டீ. நான்தான ஏமாத்தினேன்" என்பாய். மகனுக்கு உன் பேரை வைக்கச் சொன்னது அவர்தான் என்றாலும் நம்ப மாட்டாய். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுத" என்று எழுந்து போய்விடுவாய். எனக்குத் தாலி போனது. அந்தத் துக்கத்தை நானே எப்படியோ தாங்கிக்கொண்டேன். உன்னைத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் தேற்ற முடியவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் எனக்குத் தீரவில்லை அண்ணே.

கூடப் பிறந்த அண்ணன் பேரை வாய்விட்டுச் சொல்வது மரியாதை இல்லை என்று, மகனைத் 'தம்பி' என்றே கூப்பிட்டு வளர்த்தேன். ஸ்கூலிலும் ஆபீஸிலும் எல்லோரும் சொன்ன பேர் என் வாயில் மட்டும் வந்ததே இல்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மகனும் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். என்னவோ தாங்க முடியாமல், முதல் தடவையாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, அந்த வயதிலும் படியெல்லாம் ஓடி ஏறி வந்தான். மூச்சு வாங்க நின்று, "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

இப்போது தினமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

உன் தங்கச்சி