அப்பா தண்ணீர் கேட்ட கதை

அன்புள்ள அக்கா,

இன்று காலை வாசலில் அப்பாவின் பழைய செருப்பு துடைத்து வைக்கப்பட்டிருந்ததைத்தான் முதலில் கவனித்தேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பத்திரிகைகளுக்குப் பேய்க்கதைகளாக எழுதி அனுப்புவது உனக்குத் தெரியும். பன்னிரண்டு திரும்பி வந்தன. பதின்மூன்றாவதில், நம் அப்பா இறந்த பிறகும் சமையலறைக்கு வந்து தண்ணீர் கேட்டதாக எழுதினேன். நேற்று அது பத்திரிகையில் வந்துவிட்டது. ஆனால் கதையாக அல்ல, ‘வாசகர்களின் உண்மை அனுபவம்’ பக்கத்தில்.

அம்மா படித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லுவ, எங்கிட்ட சொல்லமாட்டியாடி?"

"அது வெறும் கதைம்மா."

"பத்திரிகையில பொய்யா போடுவாங்க?" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எங்கிட்ட ஏன்டி வரல அவரு? இன்னும் கோபமா?"

"உன்னைத்தாம்மா விசாரிச்சாரு" என்றேன்.

உன் தங்கை