ஏரிக்கரை வெள்ளை

தங்கைக்கு,

அம்மாவின் வீட்டை ஏரிக்கரை ஓய்வில்லம்போல மாற்றிவிட்டாய். சுவர், கதவு, திரைச்சீலை எல்லாம் ஒரே வெள்ளை. சோபாவுக்கு மேலே இரண்டு துடுப்புகள். நம் குடும்பத்தில் யாரும் படகில் கால் வைத்ததில்லை. எதிரே இருப்பதும் ஏரி இல்லை, கார் ஒர்க்‌ஷாப். அது போகட்டும்.

அடர்ந்த நிறங்கள் மட்டும்தான் இனி அம்மாவின் கண்ணுக்குப் பிடிபடும் என்று டாக்டர் நம் இருவரிடமும்தான் சொன்னார். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? நேற்று குளியலறையைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் உடை நனைந்துவிட்டது.

"சின்னவகிட்ட சொல்லிடாதடி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து உன் போன். "எப்படிம்மா இருக்கு வீடு? ரிசார்ட் மாதிரி இல்ல?" என்று கேட்டாய். ஈர உடையோடு நின்றபடியே, "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குடி செல்லம்" என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வீட்டுப் படங்களுக்குக் கைதட்டும் எமோஜி அனுப்பியவள் நான்தான். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை பெயிண்டர் வருகிறார். எல்லாக் கதவுகளுக்கும் கரும்பச்சை. அம்மா கேட்டால், அது உன் யோசனை என்று சொல்லப்போகிறேன். உன் மனம் நோகக் கூடாதென்று ஈர உடையோடு நின்றவளிடம் வேறு எதைச் சொல்வது? நீயும் வந்து, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டு.

அக்கா